எட்டு மைக்ரானின் ஆயுள்



முலாம் பட்டறை நடத்தும் தொழில்முனைவோர், தொட்டியருகே நின்று வேலை பார்க்கும் சூப்பர்வைசர்கள், தொழிலாளத் தோழர்கள், பாகங்களை வாங்கும் கம்பெனிகளின் தர ஆய்வாளர்கள், பாலிடெக்னிக் மாணவ மாணவியர் என்று இந்தத் தொழிலின் எல்லாப் பக்கத்தாரும் இன்று ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்களெல்லாம் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசுவது அரிது. பாகம் துருப்பிடித்துத் திரும்பி வந்தால்தான் பேசிக்கொள்கிறீர்கள். இன்று அப்படி ஒரு நெருக்கடி இல்லாத நேரத்தில் பேச வாய்ப்புக் கொடுத்தவர்களுக்கு என் நன்றி.

நான் பேச எடுத்துக்கொண்டது, இரும்புப் பாகங்களின்மேல் மின்சாரத்தால் படியவைக்கும் பாதுகாப்புப் பூச்சுகளைப் பற்றி. குறிப்பாக, நாம் ஜிங்க் பிளேட்டிங் என்று சொல்லும் துத்தநாக முலாம். ஒரு சாதாரண போல்ட்டின்மேல் இருக்கும் அந்தப் பூச்சு 8 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் எட்டுப் பங்கு. உள்ளங்கை அளவு இடத்தில், அதாவது ஒரு சதுர டெசிமீட்டரில், 8 மைக்ரான் பூசுவதற்கு அரை கிராமுக்குச் சற்று அதிகமான துத்தநாகம் போதும். வண்டியின் பிரேக் பிராக்கெட், பம்ப்செட்டின் போல்ட், சுவிட்ச் பெட்டிக்குள் இருக்கும் ஸ்குரு எல்லாம் இந்த அரை கிராமை நம்பித்தான் மழையிலும் உப்புக் காற்றிலும் நிற்கின்றன.

அந்த அரை கிராம் எத்தனை காலம் தாங்கும் என்பதில் தொட்டிக்குள் கழியும் இருபது நிமிடத்துக்கு ஒரு பங்கு உண்டு. அதைவிடப் பெரிய பங்கு, அதற்கு முன்னால் செய்த சுத்தத்துக்கும் பின்னால் செய்த பக்குவத்துக்கும் உண்டு. பூச்சை மேம்படுத்த வேண்டும் என்றதும் நம் கை முதலில் பளபளப்புத் தரும் பிரைட்னர் கேனைத் தேடுகிறது. அந்தக் கையைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

இந்தத் தொழிலின் அடிப்படைத் தத்துவம் இருநூறு ஆண்டுப் பழையது. இங்கிலாந்தின் வேதியியலாளர் சர் ஹம்ஃப்ரி டேவியிடம் அந்நாட்டுக் கடற்படை ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. மரக்கப்பல்களின் அடிப்பாகத்தில் செம்புத் தகடு போர்த்தியிருந்தார்கள். கடல்நீர் அந்தச் செம்பை அரித்துக்கொண்டே இருந்தது. செம்போடு ஒட்டி ஒரு சிறு துண்டு துத்தநாகத்தையோ வார்ப்பிரும்பையோ பொருத்திவிட்டால் அந்தத் துண்டு கரையும், செம்பு தப்பிக்கும் என்று 1824-ஆம் ஆண்டு டேவி காட்டினார். சோதனையில் அப்படியே நடந்தது. ஆனால் கப்பல்கள் கடலுக்குப் போனதும் வேறொரு தொல்லை முளைத்தது. செம்பு மெல்லக் கரைந்து வந்தவரைக்கும் அதன் நஞ்சு சிப்பிகளையும் பாசியையும் அண்டவிடாமல் வைத்திருந்தது. கரைவது நின்றதும் அவை மொய்த்து வளர்ந்து கப்பலின் வேகத்தைக் கெடுத்தன. கடற்படை அந்த ஏற்பாட்டையே கைவிட்டது.

டேவியின் அறிவியலில் பிழையே இல்லை. செம்பைக் காப்பாற்றுவது மட்டுமே இலக்காக இருந்தது. கப்பல் ஓடவேண்டும் என்பது கணக்கில் வரவில்லை. ஒரு பாதுகாப்பு முறையை மேம்படுத்தும்போது அது காக்கும் பொருள் தன் வேலையைச் செய்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உடையும் போல்ட்டைப் பற்றியும் நஞ்சாகும் தண்ணீரைப் பற்றியும் பேசும்போது இது மறுபடி தேவைப்படும்.

டேவி சொன்ன தத்துவம்தான் துத்தநாக முலாமின் உயிர். மின்வேதியியல் அட்டவணையில் துத்தநாகம் மைனஸ் 0.76 வோல்ட், இரும்பு மைனஸ் 0.44 வோல்ட். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால் துத்தநாகம் முதலில் கரையும். அதனால் பூச்சில் ஒரு கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும் சுற்றியிருக்கும் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். நிக்கல் அப்படி இல்லை. அதன் மதிப்பு மைனஸ் 0.25 வோல்ட் அளவில், இரும்புக்கு மேலே இருக்கிறது. நிக்கல் பூச்சு முழுமையாக மூடியிருக்கும்வரை அரண். ஒரு ஊசித்துளை விழுந்தால் போதும், துளையின் அடியில் இருக்கும் இரும்பு வேகமாக அரிக்கப்பட்டுக் குழியாகும். ஆகவே இரண்டையும் மேம்படுத்தும் வழிகளும் வேறு வேறு. நிக்கலில் துளையே இருக்கக்கூடாது. துத்தநாகத்தில், அது கரையும் வேகத்தைக் குறைக்க வேண்டும். மிக மெல்லிய இடத்திலும் போதிய அளவு இருக்கும்படி செய்ய வேண்டும்.

சரி, பட்டறைக்குள் போவோம்.

பாகம் வரும்போது அதன்மேல் என்னென்ன இருக்கும்? கம்பி இழுத்தபோது பூசிய சோப்பு, திரெட் உருட்டியபோது ஊற்றிய எண்ணெய், ஹீட் டிரீட்மென்டில் படிந்த கரி, நடுவில் பிடித்த இலேசான துரு. இவ்வளவையும் எடுத்தபின்தான் துத்தநாகம் இரும்பைத் தொட முடியும். முதலில் 60, 70 டிகிரிச் சூட்டில் காரக் கரைசலில் ஊறல். அடுத்து, அதேபோன்ற கரைசலில் மின்சாரம் செலுத்திச் சுத்தம். இதில் பாகத்தை நேர்மின்வாயாக வைப்பது நல்லது. அப்போது பாகத்தின்மேல் ஆக்சிஜன் கொப்புளித்து அழுக்கைக் கிளப்பும், ஹைட்ரஜன் உள்ளே போகாது. அதற்குப் பிறகு அமிலம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நல்ல தண்ணீரில் கழுவல்.

இந்த நடுக் கழுவலில்தான் நேரத்தை மிச்சப்படுத்தப் பார்க்கிறோம். காரக் கரைசல்கள் பலவற்றில் சிலிக்கேட் இருக்கிறது. சரியாகக் கழுவாமல் பாகத்தை அமிலத்தில் இறக்கினால் அந்தச் சிலிக்கேட் அங்கேயே கூழாகி, பாகத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் பூசிய துத்தநாகம் அன்று பளபளக்கும். பில் போடும்போதும் பளபளக்கும். சில வாரம் கழித்து, வாங்கியவரின் கிடங்கில், கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அப்போது நாம் தொட்டியைச் சோதிப்போம், பிரைட்னர் சப்ளையரைத் திட்டுவோம். குற்றம் நடந்த இடமோ அரை நிமிடக் கழுவல்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். அமிலத்திலிருந்து எடுத்துக் கழுவிய பாகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அரை நிமிடம் பாருங்கள். தண்ணீர் முழுப் பரப்பையும் ஒரே படலமாக மூடி, மேலிருந்து கீழாக ஒரே சீராக வடிந்தால் பாகம் சுத்தம். எங்காவது படலம் கிழிந்து தண்ணீர் முத்துமுத்தாகத் திரண்டால் அந்த இடத்தில் எண்ணெய் இருக்கிறது. அதைத் தொட்டியில் இறக்காதீர்கள், திரும்ப முதல் தொட்டிக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் சில தடவை இந்தச் சோதனையைச் செய்யும் பட்டறையில் திரும்பி வரும் சரக்கு குறையும். செலவில்லாத மேம்பாடு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

இனி தொட்டி. மைக்கேல் ஃபாரடே 1830-களில் கண்ட விதிப்படி, ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால் 1.22 கிராம் துத்தநாகம் படியும். ஒரு சதுர டெசிமீட்டருக்கு 2 ஆம்பியர் வீதம் கொடுத்தால் மணிக்கு 34 மைக்ரான். 8 மைக்ரானுக்கு 14 நிமிடம். இது மின்சாரம் முழுவதும் துத்தநாகத்துக்கே போனால். அமில குளோரைடு கரைசலில் ஏறக்குறைய அப்படியே போகும். திறன் 95 சதவீதத்துக்கு மேல். சயனைடு இல்லாத காரக் கரைசலில் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அதே வேலைக்கு 20 நிமிடம் ஆகும். மீதி மின்சாரம் ஹைட்ரஜன் வாயுவாகப் போய்விடுகிறது.

அப்படியானால் அமில குளோரைடுதானே சிறந்தது என்று கேட்பீர்கள். வேகத்தில் சிறந்தது, பளபளப்பில் சிறந்தது. ஆனால் ஃபாரடேயின் கணக்கு சராசரியைத்தான் சொல்கிறது. மின்சாரம் பாகத்தின் எல்லா இடத்துக்கும் சமமாகப் போவதில்லை. நேர்மின்வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் முனைகளும் விளிம்புகளும் அதிகம் வாங்கிக்கொள்ளும். உள்மூலைகள், குழிகள், துளைகள் பட்டினி கிடக்கும். மடித்த ஒரு யு வடிவ பிராக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளி விளிம்பில் 15 மைக்ரான் இருக்கும்போது உள் மடிப்பில் 3, 4 மைக்ரான்தான் இருக்கலாம். சராசரி பார்த்தால் தாராளம். துரு சராசரியைப் பார்த்து வருவதில்லை, உள் மடிப்பில்தான் முதலில் தலைகாட்டும்.

இந்த இடத்தில் காரக் கரைசல் தன் மதிப்பைக் காட்டுகிறது. மின்சாரம் கூடும் இடத்தில் அதன் திறன் தானாகவே குறைவதால் விளிம்புக்கும் மடிப்புக்கும் இடையிலுள்ள வித்தியாசம் சுருங்குகிறது. மடிப்பும் குழியும் உள்ள பாகத்துக்குக் காரம், பெரிய அளவில் ஓடும் எளிய வடிவங்களுக்கும் வார்ப்பிரும்புக்கும் அமில குளோரைடு என்று பிரித்துக்கொள்வது அறிவுடைமை. தடிமனை எங்கே அளக்கிறோம் என்பதும் முக்கியம். கருவி வைக்க வசதியான தட்டையான இடத்தில் அளந்து, வந்த எண்ணை அறிக்கையில் எழுதுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. எந்தப் பரப்பில் குறைந்தபட்சத் தடிமன் வேண்டும் என்பதை வரைபடம் எழுதும் இன்ஜினியரும் பட்டறைக்காரரும் உட்கார்ந்து முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 2081, துத்தநாகப் பூச்சை 5, 8, 12, 25 மைக்ரான் என்று வகுத்திருக்கிறது. உலர்ந்த அறைக்குள் 5, ஈரம் கோக்கும் அறைக்குள் 8, வெளியில் 12, கடற்கரை போன்ற கடுமையான இடத்துக்கு 25. கடற்கரையில் நிற்கப்போகும் பாகத்துக்கு 5 மைக்ரான் விலையைக் கொடுத்துவிட்டு 25 மைக்ரானின் ஆயுளை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பதை வாங்குவோரும் உணர வேண்டும்.

தொட்டியின் உடல்நிலையை அறிய நமக்கு ஒரு நல்ல கருவி உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹல் 1930-களில் வடிவமைத்த ஹல் செல். 267 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு சிறு பெட்டி. அதன் ஒரு பக்கம் சாய்வாக இருக்கும். சாய்ந்த பக்கத்தில் ஒரு தகட்டை வைத்துச் சில நிமிடம் மின்சாரம் செலுத்தினால், தகட்டின் ஒரு முனை நேர்மின்வாய்க்கு அருகிலும் மறுமுனை தொலைவிலும் இருப்பதால், மின்னடர்த்தி அதிகமான நிலையிலிருந்து குறைவான நிலைவரை எல்லாம் ஒரே தகட்டில் பதிவாகிவிடும். தகட்டைக் கழுவி எடுத்து வாசியுங்கள். அருகு முனை கருகியிருந்தால் துத்தநாகமோ போரிக் அமிலமோ குறைவு. தொலைவு முனை மங்கியோ மூடாமலோ இருந்தால் வேற்று உலோகம் கலந்திருக்கலாம், பிரைட்னர் மிகுந்தும் இருக்கலாம். தகட்டை மடித்துப் பார்த்துப் பூச்சு செதிலாக உதிர்ந்தால், பிரைட்னரின் கரிமப் பொருள் பூச்சுக்குள்ளேயே போய் அதை நொறுங்கவைத்துவிட்டது என்று பொருள். அந்தத் தொட்டியில் இன்னும் பிரைட்னர் ஊற்றுவது நோயாளிக்கு நோயையே ஊட்டுவது. அதற்குத் தேவை, கரித்தூள் போட்டு வடிகட்டுவது.

நம் ஊர் வெயிலுக்கென்றே ஒரு சொல். அமில குளோரைடுத் தொட்டியில் உள்ள பிரைட்னர் ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு மேலே போனால் கரைசலிலிருந்து பிரிந்து, எண்ணெய்போல் மிதந்து, கரைசலையே கலங்கடிக்கும். சித்திரை வைகாசியில் மதியத்துக்குமேல் பூச்சில் திட்டுத்திட்டாகக் கறை விழுவதற்கு இது ஒரு காரணம். கரைசலைக் குளிர்விக்கும் சில்லர் வாங்குவது ஆடம்பரம் இல்லை. அதேபோல், தொட்டிக்குள் தவறி விழுந்த போல்ட்டுகள் அமிலக் கரைசலில் கரைந்து இரும்பைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். அந்த இரும்பு, முலாமின்மேல் காப்புப் படலம் ஏற்றும் பாசிவேஷனுக்குப் பிறகு கறுத்த நிறமாக வெளிப்படும். ஹைட்ரஜன் பெராக்சைடு அளவாகச் சேர்த்து இரும்பைத் துகளாக்கி வடிகட்டி எடுக்கலாம். அதைவிட எளிது, வாரம் ஒருமுறை காந்தம் விட்டு விழுந்த பாகங்களை எடுத்துவிடுவது.

இப்போது உடையும் போல்ட்டுக்கு வருகிறேன்.

அமிலத்தில் ஊறும்போதும் முலாம் பூசும்போதும் உண்டாகும் ஹைட்ரஜனில் ஒரு பகுதி, தனி அணுக்களாக எஃகுக்குள் நுழைந்துவிடுகிறது. மென்மையான எஃகுக்கு இதனால் பெரிய கேடில்லை. 10.9, 12.9 தர போல்ட்டுகள், ஸ்பிரிங், சர்க்ளிப் போன்ற வலுமிக்க, கடினமான எஃகுகளில்தான் ஆபத்து. முறுக்கியபின் இழுவிசை எங்கே அதிகமோ அங்கே ஹைட்ரஜன் போய்ச் சேரும். சில மணி நேரமோ சில நாளோ கழித்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் போல்ட் முறியும். பூச்சில் ஒரு புள்ளித் துரு இருக்காது. ஆய்வாளர் பார்த்தால் தேர்ச்சி கொடுக்கும் அளவுக்குப் பளபளக்கும்.

துத்தநாகமும் வலுமிக்க எஃகும் சேர்ந்தால் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு உலகறிந்த ஒரு சம்பவம் உண்டு. சான்ஃபிரான்சிஸ்கோவையும் ஓக்லாந்தையும் இணைக்கும் பாலத்தின் புதிய கிழக்குப் பகுதியில், 2013 மார்ச் மாதம், 96 பெரிய நங்கூரக் கம்பிகளை இறுக்கினார்கள். அடுத்த சில நாட்களில் அவற்றில் 32 முறிந்தன. அவை உருகிய துத்தநாகத்தில் முக்கியவை, மின்முலாம் பூசியவை அல்ல. ஆண்டுக்கணக்கில் அவை கிடந்த துளைகளில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஹைட்ரஜன் வந்த வழி வேறாக இருக்கலாம், முறிவு அதே முறிவுதான்.

இதற்குப் பரிகாரம் நமக்குத் தெரியும். முலாம் பூசியதும் நான்கு மணி நேரத்துக்குள் பாகத்தை அடுப்பில் வைத்து, 190 முதல் 220 டிகிரிச் சூட்டில், எஃகின் வலுவுக்கேற்ப 8 முதல் 24 மணி நேரம்வரை வைத்திருக்க வேண்டும். பாசிவேஷன் அதற்குப் பிறகுதான். முதலில் பாசிவேஷன் செய்துவிட்டு அடுப்பில் வைத்தால் அந்தப் படலம் சூட்டில் பாழாகும். நான்கு மணி நேரம் என்பது ஏட்டு விதியென்று எண்ண வேண்டாம். காலை ஷிஃப்டில் பூசிய போல்ட்டை அடுப்பு நிறையட்டும் என்று மறுநாள்வரை வைத்திருந்தால், அதற்குள் உண்டாகிவிட்ட நுண்விரிசலை எந்தச் சூடும் ஆற்றாது. அமிலத்தில் இன்ஹிபிட்டர் சேர்ப்பது, அமிலத்தில் வைக்கும் நேரத்தைக் குறைப்பது, முடிந்தால் அமிலத்துக்குப் பதில் துகள் வீசித் துரு எடுப்பது இவையெல்லாம் ஹைட்ரஜனை வாசலிலேயே தடுப்பவை. மிக வலுவான போல்ட்டுகளுக்கு மின்முலாமே வேண்டாம் என்று சொல்லத் துணியுங்கள். துத்தநாகச் செதில்களைச் சாயம்போல் பூசிச் சூட்டில் இறுக்கும் முறை அவற்றுக்கு ஏற்றது. ஒரு ஆர்டரை மறுப்பது, ஒரு விபத்துக்குப் பொறுப்பேற்பதைவிட மேல்.

அடுத்தது பாசிவேஷன். துத்தநாகம் தனியே விடப்பட்டால் ஈரத்தில் விரைவில் வெள்ளைத் துரு பிடிக்கும். அதைத் தள்ளிப்போடத்தான் குரோமியம் கலந்த ஒரு மெல்லிய படலத்தை அதன்மேல் உண்டாக்குகிறோம். 1930-களிலிருந்து நெடுங்காலம் இந்த வேலையை அறுமதிப்புக் குரோமியம் செய்தது. அதற்கு ஒரு அருமையான குணம் உண்டு. படலத்தில் கீறல் விழுந்தால், ஈரத்தில் கரைந்த குரோமேட் அந்த இடத்துக்கு நகர்ந்து கீறலை மூடிக்கொள்ளும். ஆனால் அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். தொட்டியிலிருந்து எழும் ஆவியை வருடக்கணக்கில் சுவாசித்த தொழிலாளர்களின் மூக்குத் தடுப்பில் துளை விழுந்திருப்பதை மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகப் பதிவு செய்து வருகின்றன.

ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின், மின்னணுப் பொருட்களிலும், 2007 ஜூலை 1 முதல் வாகனங்களின் துருத்தடுப்புப் பூச்சுகளிலும் அறுமதிப்புக் குரோமியத்தைத் தடைசெய்தது. அங்கே வண்டி அனுப்பும் கம்பெனிகள் தங்கள் சப்ளையர்களிடம் மும்மதிப்புக் குரோமியம் கேட்டன. மும்மதிப்புப் படலத்துக்குக் கீறலைத் தானே ஆற்றும் அந்தக் குணம் இல்லை. அதனால் படலத்தைத் தடிப்பாக்கினார்கள், கோபால்ட் சேர்த்தார்கள், மேலே சிலிக்கா கலந்த சீலர் பூசினார்கள். பலன் கிடைத்தது. பழைய மஞ்சள் படலம் 70 டிகிரிக்கு மேலே ஈரம் இழந்து வெடித்துப் பலம் இழக்கும். புதிய படலம் இன்ஜின் அருகே 120 டிகிரிச் சூட்டையும் தாங்குகிறது. ஆனால் அது கண்டிப்பு மிகுந்தது. பி.எச்., சூடு, நேரம் மூன்றும் அளவில் நிற்க வேண்டும். பழைய கரைசலைக் கண்ணளவில் ஓட்டிய பழக்கத்தோடு புதியதை ஓட்டினால் வெள்ளைத் துரு வரத்தான் செய்யும். பி.எச். மீட்டர் ஒன்றும் அதைச் சரிபார்க்கும் பஃபர் கரைசலும் இல்லாத பட்டறை, மும்மதிப்பைக் குறை சொல்லக்கூடாது.

அறுமதிப்புக் குரோமியம் மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. ராணிப்பேட்டையில் குரோமேட் உப்புகள் தயாரித்து, 1990-களில் மூடப்பட்ட ஒரு ஆலை விட்டுச்சென்ற கழிவு, லட்சம் டன்னுக்குமேல், குவியலாகக் கிடந்தது. அதிலிருந்து கசிந்த மஞ்சள் நிற நீர் அந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் கலந்தது. அது முலாம் பட்டறை அல்ல. ஆனால் பொருள் அதேதான். சிறு பட்டறையின் வாய்க்காலில் போவதும் அந்த மஞ்சள்தான். அறுமதிப்பை இன்னும் பயன்படுத்துவோர், கழிவுநீரின் பி.எச்.-ஐ 2, 3 அளவுக்கு இறக்கி, சோடியம் மெட்டாபைசல்ஃபைட் சேர்த்து மும்மதிப்பாக்கி, பிறகு காரம் சேர்த்துப் படியவைத்து எடுத்தாக வேண்டும். சயனைடுத் தொட்டி இன்னும் வைத்திருப்போர், அதன் வாய்க்காலும் அமில வாய்க்காலும் எங்கும் சந்திக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சந்தித்தால் எழும் வாயு ஆளைக் கொல்லும்.

கழுவும் தண்ணீரிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பாகத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு லிட்டர் கரைசல் தொட்டியை விட்டு வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்க்கச் செய்ய, ஒரே கழுவு தொட்டி இருந்தால் 1,000 லிட்டர் தண்ணீர் ஓடவேண்டும். பாகம் ஒரு திசையிலும் தண்ணீர் எதிர்த் திசையிலும் போகும்படி இரண்டு தொட்டி வைத்தால் 32 லிட்டர் போதும். மூன்று வைத்தால் 10 லிட்டர். 1,000 எங்கே, 10 எங்கே! லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில், இரண்டு தொட்டிகளின் செலவு எத்தனை மாதத்தில் திரும்பிவிடும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். நன்றாகக் கழுவிய பாகத்தில் பாசிவேஷன் நன்றாகப் பிடிக்கும் என்பது கூடுதல் லாபம்.

இவையெல்லாம் ஒழுங்கான பிறகு புதிய பூச்சுக்குப் போகலாம். இன்று வாகனத் துறை கேட்பது துத்தநாக நிக்கல். 12 முதல் 15 சதவீதம் நிக்கல் கலந்தால் காமா என்ற ஒரே சீரான படிக அமைப்பு உண்டாகிறது. அதன் மின்னழுத்தம் இரும்புக்கு நெருங்கி வருகிறது, ஆனாலும் இரும்புக்குக் கீழேயே நிற்கிறது. அதனால் இரும்பைக் காக்கும் குணமும் போகாது, கரையும் வேகமும் வெகுவாகக் குறைகிறது. வெறும் துத்தநாகத்திடம் நூறு இருநூறு மணி நேரம் கேட்கும் அதே உப்புத்தூவல் சோதனையில், இதனிடம் 720 மணி நேரம் சிவப்புத் துரு வரக்கூடாது என்று வரைபடத்தில் எழுதுகிறார்கள். அது முடிகிறது. நிக்கல் அளவு மீறிக் கூடினால் பூச்சு இரும்பைக் காக்கும் குணத்தையே இழக்கும், குறைந்தால் செலவுக்கேற்ற பலன் இராது. கரைசலில் உள்ள அமின் சேர்மங்கள் நேர்மின்வாயில் சிதைந்து சயனைடாக மாறுவதும் உண்டு. நேர்மின்வாயைச் சவ்வு போட்டுப் பிரித்து அதைத் தடுக்கிறார்கள். ஆக, வெறும் துத்தநாகத்தையே ஒழுங்காக ஓட்டாத பட்டறைக்குத் துத்தநாக நிக்கல் விடிவு தராது. கடன்தான் கூடும்.

உப்புத்தூவலைச் சொன்னதால் ஒரு எச்சரிக்கை. 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரியில் இடைவிடாமல் தூவும் இந்தச் சோதனை, ஒரு பட்டறையின் இன்றைய தரத்தை நேற்றைய தரத்தோடு ஒப்பிட நல்லது. இத்தனை மணி நேரம் என்றால் வெளியில் இத்தனை வருடம் என்று அதை மாற்றிச் சொல்ல முடியாது. வெளியில் பாகம் நனைகிறது, காய்கிறது, மறுபடி நனைகிறது. காயும் நேரத்தில் துத்தநாகத்தின்மேல் ஒரு காப்புப் படலம் உண்டாகிறது. உப்புத்தூவல் அந்த வாய்ப்பையே தருவதில்லை. நனைத்தல், உலர்த்தல், ஈரப்பதம் என்று மாறிமாறி வரும் சுழற்சிச் சோதனைகளை வாகனக் கம்பெனிகள் வைத்திருப்பது இதனால்தான்.

இத்தனைக்கும் துணை நம் பக்கத்திலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இயங்குகிறது. மண்டபத்தில் கடலோரமாக உலோகங்களை வெயிலிலும் உப்புக் காற்றிலும் வைத்துச் சோதிக்கும் நிலையமும் அதற்கு உண்டு. ஒரு பணக்காரர் தன் ஊரில் கோயிலோ சத்திரமோ கட்டாமல் மின்வேதியியலுக்கு நிலம் கொடுத்த நாடு இது. அந்தக் கொடையின் பயன் ஆய்வுக் கட்டுரைகளோடு நின்றுவிடாமல் அம்பத்தூரிலும் கோவையிலும் ஓசூரிலும் உள்ள சிறு பட்டறையின் தொட்டிவரை வந்து சேர வேண்டும். அதற்கு ஆய்வாளர்கள் இறங்கி வர வேண்டும், நாமும் கூச்சப்படாமல் போய்க் கேட்க வேண்டும்.

முடிக்கும் முன் சில வேண்டுகோள்கள். பட்டறை நடத்துவோரே, தொட்டிக்கு ஒரு நோட்டு போடுங்கள். இன்றைய சூடு, பி.எச்., சேர்த்த வேதிப்பொருள், ஹல் செல் முடிவு, அளந்த தடிமன், அடுப்பில் வைத்த நேரம் எல்லாம் அதில் ஏறட்டும். திரும்பி வந்த சரக்கின் காரணம் அந்த நோட்டில் கிடைக்கும். வாங்கும் கம்பெனிகளே, கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்று மட்டும் பேரம் பேசாதீர்கள். அடுப்புக்கும் கழுவு தண்ணீருக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் ஆகும் செலவைக் கொடுக்காமல் அவற்றின் பலனை மட்டும் கேட்காதீர்கள். தொழிலாளத் தோழர்களே, கையுறையும் காற்றுப்போக்கும் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. மாணவர்களே, இந்தத் துறையில் தொட்டியருகே நிற்கத் தயங்காத வேதியியல் படித்தவர்கள் வேண்டும். ஒரு போல்ட்டின் எட்டு மைக்ரான் சரியாக இருந்தால் அதை நம்பி வண்டி ஓட்டும் முகம் தெரியாத ஒருவர் பத்திரமாக வீடு சேர்வார். அந்தப் பொறுப்பை உணர்ந்து இந்தத் தொழிலுக்கு வாருங்கள்.